ஐதாக்கல்

நெடுங்கேணியில் இருந்து வந்த ஐஸ் பெட்டியில்
நாற்பது போத்தல் சலம்.
மூடியில் 'மீன்' என்று பழைய எழுத்து.
கொண்டுவந்த சாரதி
தன் சாப்பாட்டுப் பார்சலை முன் சீற்றில் வைத்திருந்தான்,
எட்டத்தில்.

சிறுநீரகக் கலத்துக்குள் ஒரு நொதியம் இருக்கிறது.
நஞ்சைப் பிடித்து, அதற்கு வாலொன்று கட்டி,
தண்ணீரோடு வெளியே அனுப்புவது அதன் வேலை.
அனுப்பும்; தான் வராது.
கலம் உடைந்தால் மட்டும்
பாய் தலையணை ஒன்றுமில்லாமல்
சலத்தோடு இறங்கி நடக்கும்.
அதைத்தான் தேடுகிறேன்,
வீட்டில் இருக்கவேண்டியதைத் தெருவில்.

பிளேற்றில் தொண்ணூற்றாறு குழி.
எங்கள் பக்கத்தில் குழி என்ற சொல்லை
வாய் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லும்.
நான் 'கிணறு' என்று பழகிவிட்டேன்.
ஒவ்வொரு கிணற்றின் அடியிலும் ஒட்டியிருப்பது
முயலின் உடம்பில் விளைந்த பிறபொருளெதிரி.
அதற்கு ஒரேயொரு முகம்தான் தெரியும்.
நீ இன்னும் வேலை செய்கிறாயா, செத்துவிட்டாயா,
வெள்ளிக்கிழமை கறண்ட் நின்ற ஆறு மணித்தியாலத்தில்
குளிர்பெட்டிக்குள் உனக்கு என்ன நடந்தது,
ஒன்றும் கேட்காது.
உருவம் சரியென்றால் பிடித்துக்கொள்ளும்.
அப்படி உருவம் மட்டும் பார்த்துப் பதிந்த வரிசையில்
பதினொரு வயதில் நானும் நின்றிருக்கிறேன்,
அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி.
பதிந்தால் ஒரு இறாத்தல் பாண்.

பிறகு இரண்டாவது எதிரி.
நிறம் காட்டவென்று, ஏதோ கிழங்கில் எடுத்த
இன்னொரு நொதியத்தை முதுகில் சுமந்து வரும்.
இந்தக் கிற்றில் எல்லாம் ஒரே தடவையில் ஊற்றவேணும்.
ஒரு கழுவல் மிச்சம். விலையும் குறைவு.
நீலம் வரும். அமிலம் விட மஞ்சளாகும்.
கூடின மஞ்சள், கூடின உடைவு.

ஜி ஒன்பது, ஜி பத்து:
கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.
முப்பத்தொராம் இலக்கம், வில்வராசா, வயது ஐம்பத்துமூன்று.

நல்ல செய்தி என்று எழுதிவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம்.
போனேன்.
பாதிக் கோப்பையில் ஞாபகம் வந்தது,
கிளினிக்கில் அந்த ஆள்
உரப்பைத் துண்டொன்றில் சுற்றிப் போத்தலைத் தந்தது.
"தங்கச்சி, இதில நுரை நிக்குது" என்றது,
யாருடையதோ சலம் போல.

அளவுக்கு மிஞ்சி வந்தால் இப்படியும் நடக்கும்.
அடியில் இருப்பவர்களின் கை நிரம்பிவிடும்.
மேலே மிதப்பவர்களின் கையும் நிரம்பிவிடும்.
ஆளுக்கொன்றைத் தனித்தனியே பிடித்துக்கொண்டு நிற்க,
ஒன்றை இருவர் சேர்ந்து பிடிக்க ஆளில்லை.
கழுவும்போது மேலே நின்றவர்கள் போய்விடுவார்கள்,
சுமந்த நிறத்தோடு.
கருவி பொய் சொல்வதில்லை,
கண்டதைத்தான் சொல்கிறது: ஒன்றுமில்லை.

மிச்சக் கீற்று ஒன்றை உடைத்து
பத்துக்கு ஒன்றாக ஐதாக்கினேன்.
இளமஞ்சள்.
நூற்றுக்கு ஒன்றாக.
ஆவரசம்பூ.

தண்ணீரை ஊற்ற ஊற்றக் கடுமையாகிற நிறத்தைப்
பாடத்தில் படித்திருக்கிறேன்.
கண்டது அன்றைக்குத்தான்.
நூறால் பெருக்கி எழுதினேன்.
பூச்சியங்களைத் திரும்ப ஒருமுறை எண்ணினேன்.

போன் எடுத்தது மனைவி.
"வயலுக்குத் தண்ணி இறைக்கிறார். என்ன விசயம்?"
பின்னால் பம்ப் இரைந்தது.
செவ்வாய்க்கிழமை வவுனியாவுக்கு வரச் சொல்லுங்கோ,
வரேக்க போன கிழமைத் துண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கோ.

"கூடவோ, குறையவோ பிள்ளை?"

முதல் குறையத்தான் காட்டினது அக்கா
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
"கூட" என்றேன்.

பம்ப் நின்றது.
"பொறுங்கோ, அவர் வாறார்" என்றா.
சேற்றில் கால் இழுபடும் சத்தம்,
மெல்ல,
போனை நோக்கி.